குறட்டைக்கு நடுவே வரும் மௌனம்

கடந்த இதழில் உயர் இரத்த அழுத்தத்தைப் பற்றி எழுதும்போது, குறட்டைக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கட்டுரையின் மற்ற பகுதிகளைவிட அந்த ஒரு வரியைப் பற்றியே அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பலருக்கும் பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு 48 வயது. இரவில் உரக்கக் குறட்டை விடுவார். திடீரென்று சத்தம் நின்றுவிடும். நான் பதறிப்போய் மனத்துக்குள் எண்ணத் தொடங்குவேன். சில நாள்களில் இருபது வரைகூட எண்ணியிருக்கிறேன். பிறகு உடம்பு தூக்கிப்போட, ஒரு பெரிய மூச்சோடு மறுபடியும் குறட்டை தொடங்கும். காலையில் கேட்டால், நன்றாகத் தூங்கியதாகச் சொல்கிறார். இதனால் அவருடைய இதயத்துக்குக் கெடுதல் உண்டா?

பதில்: உங்கள் கணவர் சொல்வது பொய்யில்லை, நீங்கள் பார்ப்பதும் பிரமையில்லை. மூச்சு தடைபடும்போதெல்லாம் மூளை அவரைச் சில விநாடிகள் மட்டும் விழிக்கச் செய்கிறது. அவ்வளவு சிறிய விழிப்பு நினைவில் தங்காததால், இரவு முழுவதும் உறங்கியதாகவே அவருக்குத் தோன்றுகிறது. நீங்கள் விவரித்திருப்பது ஸ்லீப் அப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடையின் அறிகுறிகளோடு அப்படியே பொருந்துகிறது.

உறக்கத்தில் தசைகள் தளர்வது இயல்பு. தொண்டையைச் சுற்றியுள்ள தசைகளும் நாக்கின் அடிப்பகுதியும் தளரும்போது சிலருக்கு மூச்சுப்பாதை குறுகிவிடுகிறது. அந்த இடுக்கின் வழியே காற்று அதிர்ந்து செல்லும் ஓசைதான் குறட்டை. பாதை முழுவதும் அடைபட்டுவிட்டால் ஓசையும் நின்றுவிடும். வீட்டில் இருப்பவர்கள் சத்தம் நின்றதே என்று நிம்மதி அடையும் அந்த நேரம்தான் மருத்துவருக்குக் கவலை தரும் நேரம். காற்றோட்டம் 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறோம். முழுத் தடைகளும் பகுதித் தடைகளும் சேர்ந்து மணிக்கு 5 முதல் 15 வரை இருந்தால் நோய் லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரமானது. 30-ஐத் தாண்டினால் கடுமையானது. கடுமையான நிலையில் இருப்பவருக்கு ஏழு மணி நேர உறக்கத்தில் 200 முறைக்கு மேல் மூச்சு தடைபடுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த மௌனத்தின்போது நெஞ்சுக்குள் மூன்று காரியங்கள் நடக்கின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு படிப்படியாகக் குறைகிறது. அதே சமயம், மூடிய தொண்டையை எதிர்த்து உதரவிதானமும் விலா எலும்புத் தசைகளும் காற்றை இழுக்க முயல்வதால் மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் வெகுவாகத் தாழ்ந்து, இதயத்தின் சுவர்கள் வெளிப்புறமாக இழுக்கப்படுகின்றன. அந்த இழுவிசையை எதிர்த்துச் சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ள இடது கீழறை கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் மூளை விழித்துக்கொள்ளும்போது, ஆபத்து நேரத்தில் உடலை முடுக்கிவிடும் பரிவு நரம்பு மண்டலம் பொங்கியெழுகிறது. நாடி வேகமெடுக்கிறது, இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, இரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும் வேளையிலேயே இதயத்துக்கு வேலை மிகவும் கூடுகிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது, ஆக்சிஜன் இறங்கி ஏறுவதாலேயே இரத்தக் குழாய்களின் உட்சுவர் பழுதடைகிறது, அழற்சியும் சேர்ந்துகொள்கிறது.

பொதுவாக, இதயக் கோளாற்றால் ஏற்படும் திடீர் மரணங்கள் காலை 6 மணிக்கும் நண்பகலுக்கும் இடையில்தான் அதிகம். உறக்க மூச்சுத்தடை உள்ளவர்களிடம் அவை நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் கூடுதலாக நிகழ்வதை 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. உங்களை அச்சுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. ‘எல்லோரும்தான் குறட்டை விடுகிறார்கள்’ என்று உங்கள் கணவர் தட்டிக்கழித்தால் எடுத்துச் சொல்வதற்காகவே எழுதுகிறேன். அவர் உறங்கும்போது, சத்தம் நின்று மீண்டும் தொடங்கும் வரை கைப்பேசியில் காணொளியாகப் பதிவு செய்து, மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எடுத்துச் செல்லுங்கள். நோயாளி சொல்லும் வரலாற்றைவிடப் பக்கத்தில் படுத்திருப்பவர் தரும் சான்று எங்களுக்குப் பல வேளைகளில் அதிகம் உதவுகிறது.

கேள்வி: எனக்கு வயது 55. இரத்த அழுத்தத்துக்கு மூன்று வகை மாத்திரைகள் எடுத்தும் அளவு குறையவில்லை. உறக்கப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு மருத்துவர் சொல்கிறார். தேவையில்லாமல் செலவு வைக்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது.

பதில்: உங்கள் மருத்துவர் சரியான இடத்தில்தான் தேடுகிறார். சிறுநீர் பெருக்கி உள்பட மூன்று வகை மருந்துகளை முறையாக எடுத்த பிறகும் அழுத்தம் கட்டுக்குள் வராத நிலையை மருந்துக்கு அடங்காத உயர் இரத்த அழுத்தம் என்கிறோம். அதன் பின்னணியில் மிக அடிக்கடி காணப்படும் காரணங்களில் உறக்க மூச்சுத்தடையும் ஒன்று.

ஆரோக்கியமான ஒருவருக்கு உறக்கத்தில் இரத்த அழுத்தம் பகல் அளவைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை இறங்கும். இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் நாள்தோறும் கிடைக்கும் ஓய்வு அதுதான். மூச்சுத்தடை உள்ளவர்களில் பலருக்கு இந்த இறக்கம் நிகழ்வதில்லை. சிலருக்கு இரவில் அழுத்தம் ஏறவும் செய்கிறது. இரவெல்லாம் தூண்டப்பட்ட பரிவு நரம்புகள் விடிந்தவுடன் அடங்கிவிடுவதில்லை என்பதால் பகல் அளவும் உயர்ந்தே நிற்கிறது. பகலில் மருத்துவமனையில் ஒருமுறை அளந்து பார்ப்பதில் இரவு நிலவரம் தெரியாது. 24 மணி நேரமும் கையில் கட்டி அளக்கும் கருவி இருக்கிறது. அதைப் பற்றியும் கேளுங்கள்.

கேள்வி: இரவில் மூன்று, நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். சர்க்கரை நோய் இல்லை. புராஸ்டேட் சுரப்பியும் சரியாக இருக்கிறது என்கிறார்கள். பகலில் உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.

பதில்: இந்தக் கேள்வியை உறக்கப் பகுதியில் சேர்த்ததைப் பார்த்து நீங்கள் வியப்படையலாம். மூச்சுத்தடையின்போது இதயத்தின் மேலறைகள் இழுபட்டு விரிவதைக் கண்டு, உடலில் நீர் மிகுந்துவிட்டதாகத் தவறாகப் புரிந்துகொள்ளும் இதயம் சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோன் ஒன்றைச் சுரக்கிறது. மூச்சுத்தடைக்குச் சிகிச்சை தொடங்கியதும் இரவில் எழுந்திருப்பது குறைந்துவிட்டதாகச் சொல்பவர்கள் பலர். பகல் உறக்கமும் சேர்ந்திருப்பதால் நீங்கள் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. வாகனம் ஓட்டுபவராக இருந்தால், நோய் கண்டறியப்படும் வரை நெடுந்தொலைவுப் பயணங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் 61 வயதுப் பெண். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறது. இதற்கும் உறக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று படித்தேன். ஆனால் எனக்குக் குறட்டை அதிகம் இல்லை. உறக்கமே சரியாக வராதுதான் என் குறை.

பதில்: தொடர்பு உண்டு. இழுபட்டு விரிகிற மேலறைகளின் மெல்லிய சுவரில் காலப்போக்கில் தழும்புத் திசு படிந்து, மின்தூண்டல் சீராகப் பரவாமல் போவது அந்தக் கோளாறுக்கு வழிவகுக்கிறது. இரத்தக் குழாய் வழியே செலுத்தும் கதீட்டர் என்னும் மெல்லிய குழாய் மூலம் அதைச் சரிசெய்துகொண்டவர்களிலும், மூச்சுத்தடையைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம்.

குறட்டை இல்லை என்பதால் மட்டும் உங்களுக்கு இந்த நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. பருமனான, உரக்கக் குறட்டை விடும் நடுவயது ஆண் என்ற ஒரு சித்திரம் மருத்துவர்கள் மனத்திலும் பதிந்துவிட்டதால் பெண்களிடம் இந்த நோய் கவனிக்கப்படாமல் போகிறது. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இதன் வாய்ப்பு கூடுகிறது. அவர்களிடம் அது தூக்கமின்மையாகவும், காலைத் தலைவலியாகவும், தீராத அசதியாகவும் வெளிப்படுகிறது. தூக்கம் வரவில்லை என்று நீங்களாகத் தூக்க மாத்திரை எடுக்கத் தொடங்க வேண்டாம். சில வகை மாத்திரைகள், மதுவைப் போலவே, தொண்டைத் தசைகளை மேலும் தளரச் செய்து தடையைக் கூட்டிவிடும்.

கேள்வி: இரவில் முகமூடி அணிந்து உறங்கும் சிபாப் கருவியை எனக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதனால் மாரடைப்பைத் தடுக்க முடியாது என்று ஆய்வே சொல்லிவிட்டதாக நண்பர் ஒருவர் கூறுகிறார். பிறகு எதற்கு அது?

பதில்: உங்கள் நண்பர் படித்தது உண்மையே, ஆனால் பாதி உண்மை. சிபாப் கருவியை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகப்படுத்தினார். மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைத் தொடர்ந்து செலுத்தி, தொண்டை அடைபடாமல் தாங்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. அந்த வேலையை அது மிக நன்றாகவே செய்கிறது. இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்த 2,700-க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்ட ‘சேவ்’ என்னும் ஆய்வு 2016-இல் வெளியானது. சிபாப் பயன்படுத்தியவர்களுக்கும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் அந்த ஆய்வில் கருவியை அணிந்தவர்கள் ஓர் இரவில் சராசரியாக 3.3 மணி நேரம்தான் அணிந்தார்கள். உறக்கத்தின் மீதிப் பாதியில் மூச்சு முன்புபோலவே தடைபட்டிருக்கும். தவிரவும், பகலில் கடுமையான தூக்கக் கலக்கம் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. இத்தகைய ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான பகுப்பாய்வில், இரவுக்கு 4 மணி நேரமோ அதற்கு மேலோ அணிந்தவர்களுக்கு மீண்டும் இதய பாதிப்புகள் வருவது குறைவாக இருந்தது. கருவியை ஒழுங்காக அணிபவர் மாத்திரைகளையும் ஒழுங்காக எடுப்பவராக இருப்பார் அல்லவா என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். அதனால் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

என் கருத்தைச் சொல்கிறேன். பகல் தூக்கக் கலக்கம் தீரவும், இரத்த அழுத்தம் ஓரளவு குறையவும் சிபாப் உதவுகிறது என்பதில் ஐயமில்லை. அந்தக் குறைவு சராசரியாக 2 முதல் 3 புள்ளிகள்தான். மருந்துக்கு அடங்காத அழுத்தம் உள்ளவர்களில் சிலருக்குக் கூடுதலாகவும் இருக்கும். ஆகவே கருவி வந்துவிட்டது என்று அழுத்த மாத்திரையையோ கொழுப்பு மாத்திரையையோ நிறுத்திவிடக் கூடாது; மாத்திரை இருக்கிறதே என்று கருவியை ஒதுக்கிவிடவும் கூடாது. முதல் சில வாரங்கள் முகமூடி உறுத்தும். அளவு பொருந்தாத முகமூடியே பெரும்பாலும் அதற்குக் காரணம். மாற்றித் தரும்படி கேளுங்கள்.

கேள்வி: இதயச் செயலிழப்பு உள்ள என் அப்பாவுக்கு இரவில் மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகி, பிறகு சிறுத்து, சற்று நேரம் நின்றே போகிறது. குறட்டை இல்லை. இதுவும் அதே நோயா?

பதில்: இது வேறு வகையாக இருக்கக்கூடும். தொண்டை திறந்தே இருக்க, மூச்சுவிடும் கட்டளை மூளையிலிருந்து இடையிடையே வராமல் போவதால் ஏற்படும் மையத் தடை இது. இந்த மூச்சு முறையை 19-ஆம் நூற்றாண்டில் விவரித்த செய்ன், ஸ்டோக்ஸ் என்னும் இரு மருத்துவர்களின் பெயராலேயே அது இன்றும் அழைக்கப்படுகிறது. இங்கே இதயத்தின் பலவீனமே மூச்சுத்தடைக்குக் காரணம் என்பதால், இதயச் செயலிழப்புக்கான மருந்துகளைச் செம்மைப்படுத்துவதுதான் முதல் சிகிச்சை. ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: மூச்சின் ஏற்ற இறக்கத்துக்கேற்பக் காற்றழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு வகைக் கருவி, இதயத்தின் உந்துதிறன் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள இரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு) 45 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ உள்ள இத்தகைய நோயாளிகளிடம் இதயநோய் மரணங்களைக் கூட்டியது என்று 2015-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. இதயநல மருத்துவரிடம் கேட்காமல் எந்தக் கருவியையும் வாங்கிவிட வேண்டாம்.

கேள்வி: எடையைக் குறைத்தால் கருவியே தேவைப்படாதா?

பதில்: சிலருக்குத் தேவைப்படாமல் போகலாம். எடை 10 விழுக்காடு குறைந்தால் ஒரு மணி நேரத்தில் ஏற்படும் தடைகளின் எண்ணிக்கை சுமார் 26 விழுக்காடு குறையும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடற்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடையும் உள்ளவர்களுக்கு, எடை குறைக்கும் டிர்செபடைடு ஊசி மருந்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அங்கீகரித்தது. ஆனால் தாடை அமைப்பாலோ பெரிய டான்சில்களாலோ தடை வருபவர்களுக்கு எடை குறைவது மட்டும் போதாது. மணிக்கு 60 தடைகள் இருந்தவருக்கு அவை பாதியாகக் குறைந்தாலும் நோய் கடுமையான நிலையின் விளிம்பிலேயே நிற்கும். எடை இறங்கிய பிறகு இன்னொரு முறை உறக்கப் பரிசோதனை செய்து பார்க்காமல் கருவியை எடுத்துப் பரணில் வைத்துவிடாதீர்கள்.