ரோமில் உட்கார்ந்தால்தான் காசு

கேள்வி: நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். நவம்பர் தொடக்கத்தில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள், இருவருக்கும் வயது 65-ஐத் தாண்டிவிட்டது. மூவருமாக நான்கு நாள் ரோம் போய்வர ஆசை. விமான டிக்கெட், தங்குமிடம் போக ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 யூரோதான் ஒதுக்க முடியும். அம்மாவுக்கு முழங்கால் வலி, அப்பா சுத்த சைவம். இந்தக் காசில் ரோம் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். நீங்கள் காசைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் அம்மாவின் முழங்கால்தான் முதலில் கண்ணில் படுகிறது. ரோமில் நடந்தால் செலவில்லை, நின்றாலும் செலவில்லை. உட்கார்ந்தால்தான் காசு.

காபியிலேயே இது தொடங்கிவிடும். அங்கே காபிக்கடையை ‘பார்’ என்பார்கள், அப்பா பயப்பட வேண்டாம். விலைப்பட்டியலில் பெரும்பாலும் இரண்டு விலை இருக்கும்: ‘பாங்கோ’ என்றால் மேடையருகே நின்று குடிப்பதற்கு, ‘தாவோலோ’ என்றால் மேசையில் அமர்ந்து குடிப்பதற்கு. நின்றால் ஒன்றரை யூரோவுக்குள் முடிகிற காபி, பிரபல சதுக்கங்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மூன்று நான்கு மடங்காகும். முதல் முறை போனபோது பியாட்சா நவோனா என்ற சதுக்கத்தின் பக்கம் கால் வலிக்கிறதே என்று ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கபுச்சினோவுக்கு வந்த பில்லில் மதியச் சாப்பாடே முடித்திருக்கலாம். ஏமாற்று வேலை என்று சொல்ல முடியாது, பட்டியலில் விலை இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

சரி, படிக்கட்டில் உட்காரலாமே என்றால், புகழ்பெற்ற ஸ்பானியப் படிகளில் உட்கார 2019 முதல் தடை. காவலர் விசில் ஊதி எழுப்பிவிடுவார், அபராதமும் உண்டு.

பிறகு எங்கேதான் உட்காருவது? தேவாலயங்களில். வெறும் இளைப்பாறும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள். வேறு ஊர்களில் அருங்காட்சியகத்துக்குள் டிக்கெட் வாங்கிப் பார்க்க வேண்டிய படைப்புகள் இங்கே தேவாலயச் சுவரில் இலவசமாக இருக்கின்றன. நவோனாவுக்குப் பக்கத்தில் சான் லூயிஜி தேய் ஃபிராஞ்சேசி என்ற தேவாலயம். உள்ளே இடப்பக்கக் கடைசி மாடத்தில் கரவாஜ்ஜோ வரைந்த மூன்று பெரிய ஓவியங்கள், மூன்றும் புனித மத்தேயுவைப் பற்றியவை. மாடம் இருட்டாக இருக்கும், பெட்டியில் நாணயம் போட்டால் விளக்கு எரிந்து சில நிமிடத்தில் அணைந்துவிடும். சில்லறை வைத்திருங்கள். இல்லாவிட்டால் கொஞ்சம் பொறுங்கள், யாராவது போடுவார்கள். நான் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

போபோலோ சதுக்கத்தின் சாந்தா மரியா தெல் போபோலோவில் கரவாஜ்ஜோவின் இன்னும் இரண்டு ஓவியங்கள். டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா, அங்கே பெர்னினி பளிங்கில் வடித்த புனித தெரேசா. மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலை சான் பியெத்ரோ இன் வின்கோலியில் இருக்கிறது. காவூர் மெட்ரோ பக்கமாகப் போனால் செங்குத்தான படிக்கட்டு வரும், அம்மாவை அந்த வழியாகக் கூட்டிப் போகாதீர்கள். புனித பேதுரு பேராலயத்துக்கும் கட்டணமில்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளம், காலை ஏழு மணியை ஒட்டிப் போய்விட்டால் நிற்கிற நேரம் மிச்சம். குவிமாடத்துக்கு 551 படி. வேண்டாம்.

சிறிய தேவாலயங்கள் பல பன்னிரண்டரை வாக்கில் மூடி மூன்று, நான்கு மணிக்குத்தான் திறக்கும். அதனால் காலையில் இரண்டு, மாலையில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்ற விதி அம்மாவின் புடவைக்குப் பிரச்சினையே இல்லை.

நவம்பர் தொடக்கம் என்கிறீர்கள், முதல் ஞாயிறு அதில் வருகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறன்று இத்தாலி அரசின் அருங்காட்சியகங்களுக்கு நுழைவு இலவசம். கொலோசியமும் அதில் சேர்த்தி, ஆனால் ஊரே அங்கேதான் வரிசையில் நிற்கும். நீங்கள் அன்றைக்கு டெர்மினி அருகே உள்ள பலாட்சோ மாஸ்ஸிமோவுக்குப் போங்கள். களைத்து உட்கார்ந்திருக்கும் வெண்கலக் குத்துச்சண்டை வீரனும், அகஸ்டஸின் மனைவி லிவியாவின் வீட்டுச் சுவரில் தீட்டிய தோட்டமும் அங்கே இருக்கின்றன. நாலு சுவரிலும் மரமும் பழமும் பறவையுமாக இருக்கும் அந்த அறையை விட்டு வர எனக்கு மனமே வராது. வத்திக்கான் அருங்காட்சியகம் தனிக் கணக்கு, அங்கே கடைசி ஞாயிறு காலைதான் இலவசம். அந்த வரிசை உங்கள் அம்மாவுக்கு ஆகாது.

கொலோசியத்துக்கு உள்ளே போகாமலே இருக்கலாம் என்பது என் எண்ணம். வெளியிலிருந்து பார்ப்பதே பாதிக்கு மேல். கேம்பிடோலியோ குன்றில் நகரசபைக் கட்டடத்தின் பின்பக்கம் நின்றால் பழைய ரோமின் மையமாக இருந்த ரோமன் ஃபோரத்தின் இடிபாடுகள் முழுவதும் கீழே தெரியும், காசில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பியதும் அப்பாவிடம் கேட்கப்போகிற முதல் கேள்வி கொலோசியத்துக்குள் போனீர்களா என்பதுதானே? போவதென்றால் அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே 18 யூரோ டிக்கெட் வாங்குங்கள். மறுவிற்பனைத் தளங்களில் அதே டிக்கெட்டுக்குக் கூடுதல் விலை கேட்பார்கள். உள்ளே லிப்ட் உண்டு. பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 2023 ஜூலை முதல் 5 யூரோ வாங்குகிறார்கள், அதற்குத் தயங்காதீர்கள்.

தண்ணீருக்கு ஒரு காசும் கொடுக்க வேண்டாம். தெருவெங்கும் இரும்புக் குழாய்கள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும், பெயர் ‘நசோனி’, பெரிய மூக்குகள் என்று பொருள். 1870-களில் வைக்கத் தொடங்கியவை. நல்ல குடிநீர்தான். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமலே குடிக்கலாம். அம்மாவுக்கு இது வசதி.

சாப்பாட்டில் அப்பா நீங்கள் நினைக்கிற அளவுக்குத் திண்டாட மாட்டார். மதியத்துக்கு ‘பிட்சா அல் தாலியோ’ கடை. நீளப் பலகையில் இருக்கும் பிட்சாவில் எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால் வெட்டி, எடை போட்டு, சூடாக்கித் தருவார்கள். உருளைக்கிழங்கு போட்டது, வெறும் தக்காளி போட்டது எல்லாம் சைவம். ஆறேழு யூரோவில் வயிறு நிறையும். இரவுக்கு ஒரு சின்ன உணவகத்தில் பாஸ்தா, அங்கே உட்காரக் காசு கொடுப்பது நியாயம். கவனம்: ‘அமத்ரிச்சானா’ பார்க்கத் தக்காளிக் குழம்பு மாதிரி இருக்கும், பன்றிக் கன்னக் கறி கலந்தது. ‘சுப்ளி’ என்ற சோற்று உருண்டையிலும் பெரும்பாலும் இறைச்சி இருக்கும். ‘அல் பொமொதோரோ’ என்றால் தக்காளி மட்டும். மிளகும் ஆட்டுப்பால் சீஸும் போட்ட ‘காச்சோ எ பெப்பே’ நம் நாக்குக்குப் பிடிக்கும், ஆனால் அந்த சீஸை உறைய வைப்பதே விலங்கின் வயிற்றுச் சுரப்பால்தான். அப்பா அந்த அளவுக்குக் கண்டிப்பானவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

மூன்றாம் நாள் சோறு கேட்பார். டெர்மினிக்குப் பக்கத்தில் பியாட்சா வித்தோரியோவைச் சுற்றி வங்கதேச, இந்தியக் கடைகள் நிறைய. அரிசி, பருப்பு, பச்சைமிளகாய் எல்லாம் கிடைக்கும். அதனாலேயே அந்த வட்டாரத்தில் சமையலறையோடு கூடிய வீடாக எடுங்கள். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால் மதியம் ஒரு மணி நேரம் கட்டிலில் சாய வழியிருக்காது. அப்புறம் காபிக்கடை நாற்காலிதான். தங்கும் வரி என்று ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 முதல் 10 யூரோ வரை, விடுதியின் தரத்தைப் பொறுத்துத் தனியாக வாங்குவார்கள், அதையும் கணக்கில் சேருங்கள்.

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து டெர்மினிக்கு நேர் ரயில் 14 யூரோ, பேருந்து அதில் பாதி அளவுதான் ஆகும். நகரப் பேருந்தில் ஒரு டிக்கெட் 100 நிமிடம் செல்லும், ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். வத்திக்கான் போகும் 64-ஆம் எண் பேருந்தில் பையை முன்பக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் வெயில் அடித்தால் 115-ஆம் எண் பேருந்தில் ஜனிகுலம் குன்றுக்குப் போங்கள், ஏறுகிற வேலையைப் பேருந்தே பார்த்துக்கொள்ளும். மேலே உட்கார இடமுண்டு, மொத்த ரோமும் எதிரே. பகல் சரியாகப் பன்னிரண்டுக்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள், அம்மாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.