எழுதிக் கொடுக்க முடியாத விடுப்பு

வணக்கம் மேடம்,

தாய்மார்களுக்கு நீண்ட விடுப்பும் உதவித்தொகையும் தரும் நாடுகளிலேயே, பிள்ளை பிறந்தபின் பெண்களின் சம்பளம் பின்தங்கிவிடுகிறதாம். அப்படியென்றால் இவையெல்லாம் வீண்தானே? விடுப்பை யார் எடுப்பது என்பதைக் குடும்பத்திடமே விட்டுவிடலாமே? வரிச்சலுகை போதாதா? என் மகள் மாசமாக இருக்கிறாள், அதனால்தான் இந்த யோசனை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆகட்டும். மருமகன் எத்தனை நாள் விடுப்பு எடுக்கப்போகிறார் என்று நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கேட்கவே தோன்றவில்லை, இல்லையா?

‘வீண்’ என்பதை விட்டுவிடுவோம். சம்பளத்தோடு விடுப்பு இல்லாவிட்டால் பெண் வேலையையே விடுவாள், அவ்வளவுதான். ஆனால் ‘குடும்பத்திடமே விட்டுவிடலாமே’ என்கிறீர்களே, சில நாட்களாக என் மண்டையைக் குடைவதே அதுதான்.

விட்டுப் பார்த்தாயிற்று. தாய்க்கு மட்டும் இருந்த விடுப்பை 1974இல் இருவருக்கும் பொதுவாக்கிய முதல் நாடு ஸ்வீடன். தந்தை விரும்பினால் தன் பங்கை மனைவிக்கு எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தார்கள், ஏறக்குறைய எல்லோரும். முதல் வருடம் ஆண்கள் எடுத்தது மொத்த நாட்களில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. சண்டை எதுவும் வந்திருக்காது. ‘எனக்குச் சம்பளம் அதிகம், நீயே இரு.’ கணக்கு சரிதான். அந்தக் கணக்கால் அவள் சம்பளம் இன்னும் பின்தங்கும், அடுத்த பிள்ளைக்குக் கணக்கு இன்னும் சரியாக வரும்!

நார்வே 1993இல் நான்கு வாரங்களைத் தந்தைக்கென்றே ஒதுக்கியது. எடுக்காவிட்டால் போச்சு. அதுவரை மிகச் சிலரே விடுப்பெடுத்த நாட்டில், சில வருடங்களில் பெரும்பாலான தந்தையர் எடுத்தார்கள். 1995இல் ஸ்வீடனும் ஒரு மாதம் ஒதுக்கியது. இப்போது மூன்று மாதம். அதற்குள் ஆண்களின் மனம் மாறிவிட்டதா என்ன? மேலதிகாரியிடம் ‘சட்டம் அப்படி சார்’ என்று சொல்ல ஒரு சாக்கு கிடைத்தது. அது போதும்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர், மனைவி வேலைக்குத் திரும்பியதும் விடுப்பில் போனார். முதலில் அவளுக்குப் போன் மேல் போன்: காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி, எந்த பாட்டில்? திரும்பி வந்தபோது அடுத்த தடுப்பூசித் தேதி அவருக்கு மனப்பாடம். அழுகையைக் கேட்டே பசியா தூக்கமா என்று சொல்வார். ஆண்கள் கேலி செய்தார்கள். எனக்கு அவர் மனைவிமேல் கொஞ்சம் பொறாமை. கூடவே இருந்து ஒத்தாசை செய்தால் இதெல்லாம் வராது, தனியாக விடவேண்டும்.

அப்புறம் அந்த வரிச்சலுகை. 1971இல் ஸ்வீடன் கணவன் மனைவிக்குத் தனித்தனியாக வரி போட ஆரம்பித்தது. ஜெர்மனியில் இன்னும் சேர்த்துக் கணக்கிடலாம். குறைவாகச் சம்பாதிப்பவர் வீட்டிலிருந்தால் வரி மிச்சம். அவர் யார் என்று உங்களுக்கே தெரியும். அதைத் தனியாக எழுதுகிறேன்.