ஒகேனக்கல் விடுதி முதல் ஓசூர் ரோட்டு ஓட்டல் வரை: ஆள் எடுப்பது பற்றிக் கேள்வி பதில்

கிருஷ்ணகிரி பைபாஸ் விடுதி ஒன்றில் அறை துடைக்கச் சேர்ந்து, கடைசியில் ஆள் எடுக்கும் நாற்காலி வரை வந்து ஓய்வு பெற்றவள் நான். விடுதியும் ஓட்டலும் நடத்துபவர்கள், அங்கே வேலை பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

அக்கா, ஒகேனக்கல்லில் 14 அறை வைத்திருக்கிறேன். பெண்களை வேலைக்கு எடுத்தால் ஒரே மாதத்தில் நின்றுவிடுகிறார்கள். சம்பளத்தில் குறை வைக்கவில்லை. (விடுதி உரிமையாளர், பென்னாகரம்)

உங்கள் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு முடிகிறது தம்பி? ஞாயிற்றுக்கிழமை பெங்களூர்க் கூட்டம் கிளம்பும்வரை இருந்து அறையைக் கழுவிவிட்டு வெளியே வந்தால் இருட்டிவிடும். பென்னாகரம் போகும் வழி காடு. பஸ்ஸை விட்டால் அப்பாவோ வீட்டுக்காரரோ பைக்கில் வந்து நிற்க வேண்டும். நான்கு நாள் வருவார், ஐந்தாம் நாள் "அந்த வேலையே வேண்டாம், விடு" என்பார். ஷிஃப்டை பஸ் நேரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். சனி, ஞாயிறுக்குப் பக்கத்து விடுதிக்காரர்களோடு சேர்ந்து ஒரு வேன் பேசுங்கள்.

அப்புறம், அவர்களுக்கென்று தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை இருக்கிறதா? "காலி ரூம்ல போய்க்கோங்க" என்பீர்கள். ஆடிப்பெருக்கு அன்று உங்கள் விடுதியில் காலி ரூம் ஏது? ஒரு கழிப்பறை, மூடி போட்ட ஒரு குப்பை டப்பா, சேலையை மாற்றிச் சுடிதார் போட ஒரு மறைவு. இதைச் செய்துவிட்டு மூன்று மாதம் கழித்து எழுதுங்கள்.

ரூம் சுத்தம் செய்யப் போகும்போது குடித்துவிட்டு வந்த விருந்தினர் கையைப் பிடித்தார். மேனேஜரிடம் சொன்னால், "கஸ்டமர், நாம என்ன பண்றது" என்கிறார். (பெயர் வேண்டாம், ஓசூர்)

பண்ண வேண்டியது நிறைய இருக்கிறது கண்ணு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013இல் வந்தது. வேலை இடத்துக்கு வந்து போகும் வெளியாட்களிடமிருந்தும் பாதுகாப்பு தருவது முதலாளியின் கடமை என்று அதிலேயே இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைமை ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். பத்துப் பேருக்குக் குறைவென்றால் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுத்துவிடு. தேதி, அறை எண், நேரம் எல்லாவற்றையும் இன்றைக்கே குறித்து வை. போலீசுக்குப் போக நினைத்தால் அதற்கு உதவுவதும் முதலாளி பொறுப்புதான்.

மேனேஜர்களுக்கு ஒன்று: ஆள் உள்ளே இருக்கும் அறைக்குத் தனியாக அனுப்பாதீர்கள், இருவராக அனுப்புங்கள். கதவைத் திறந்து வைத்து வாசலில் டிராலியை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த விருந்தினரை அறையைக் காலி செய்யச் சொல்ல உங்களுக்கு வாய் இருக்கிறது. ஒரு நாள் வாடகை போனால் போகட்டும்.

எங்கள் ஓட்டலில் சமையல்கட்டுக்கு மாஸ்டர் தன் ஊர் ஆட்களை மட்டும்தான் கூட்டி வருகிறார். வேறு ஆளைச் சேர்த்தால் "ஒத்து வராது" என்கிறார். என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். (ஓட்டல் பங்குதாரர், காவேரிப்பட்டணம்)

எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. நம் பக்கம் ஒரு கிராமத்துப் பெயரையும் தெருப் பெயரையும் சொன்னால் போதும், ஜாதி தெரிந்துவிடும். அதனால் நேர்காணலில் "எந்தத் தெரு" என்ற கேள்வியை முதலில் நிறுத்துங்கள். ஆள் எடுப்பதை மாஸ்டரிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சாம்பார், ஒரு பொரியல் வைக்கச் சொல்லுங்கள், ருசி பார்த்து எடுங்கள்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஊழியர்களுக்கு ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர்தான். ஒருநாள் கவிழ்த்து அடுக்கும்போது சிலவற்றின் அடியில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி இருந்தது. கேட்டதற்கு "சும்மா, எண்ணிக்கைக்கு" என்றார்கள். இரண்டு நாள் கவனித்தேன். புள்ளி வைத்த டம்ளர் எல்லாம் துப்புரவுக்கு வருபவர்கள் கைக்கே போனது. நான் சண்டை போடவில்லை. மொத்த டம்ளரையும் பழைய பாத்திரக் கடைக்குப் போட்டுப் புதிது வாங்கினேன். முதலாளியை ஒரு வாரம் மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே உட்கார வைத்தேன். தட்டை எடுத்து நீட்டும் வேலையைத் துப்புரவு அக்காவிடம் கொடுத்தோம். இரண்டு பேர் வீட்டிலிருந்து டிபன் பாக்ஸ் கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் பத்து நாளில் பந்திக்கு வந்துவிட்டார். இன்னொருவர் வேலையை விட்டுப் போனார், நாங்கள் தடுக்கவில்லை.

நீங்களும் மாஸ்டரை இழக்க நேரிடலாம். தீண்டாமை அரசியல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது, கடைப்பிடித்தால் குற்றம் என்பதை அவரிடம் ஒருமுறை நேராகச் சொல்லிவிடுங்கள்.

ஒகேனக்கல்லில் இருபது வருடமாக மீன் வறுக்கிறேன். ஆனால் "மாஸ்டர்" என்றால் ஆம்பளைதான், நான் "ஹெல்பர்". சம்பளமும் அப்படித்தான்.

ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. பேரை "ஹெல்பர்" என்று போட்டுத்தான் அதைத் தாண்டுகிறார்கள். ஒகேனக்கல்லில் பரிசல் துறையிலிருந்து இறங்கும் கூட்டம் மோப்பம் பிடித்துக்கொண்டு தேடி வருவது உங்கள் கல்லைத்தானே அக்கா? யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதி வைத்து, அந்தத் தாளோடு போய்ப் பேசுங்கள்.

காது கேளாத ஒரு தம்பியைச் சமையல்கட்டில் சேர்க்கலாமா? ஆபத்தில்லையா?

சேர்க்கலாம். ஆபத்து பின்னாலிருந்து வரும். கொதிக்கும் எண்ணெயோடு "சூடு, சூடு" என்று கத்திக்கொண்டு வருவதை அவர் கேட்க மாட்டார். சுவரை முதுகுக்கு வைத்து, ஆள் நடமாட்டம் அவர் கண்ணில் படும்படி இடம் கொடுங்கள். ஆர்டரைச் சீட்டில் எழுதுங்கள். தோளைத் தொட்டுக் கூப்பிட மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். அவரிடமிருந்து பத்து சைகையாவது எல்லாரும் கற்றுக்கொள்ளட்டும், பரிமாறுபவர் உட்பட. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருபத்தொரு வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. நம் ஆட்களுக்கு மூன்றுதான் ஞாபகம் வரும்.

நான் திருநங்கை. கேட்டரிங் படித்திருக்கிறேன். நேர்காணலில் நன்றாகப் பேசிவிட்டு, "கஸ்டமர் என்ன நினைப்பாங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். (தருமபுரி)

அந்தக் காரணத்தை எழுதித் தரச் சொல் தங்கச்சி, தர மாட்டார்கள். வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு கூடாது என்று திருநர் உரிமைப் பாதுகாப்புக்கான 2019 சட்டம் சொல்கிறது. புகார் கேட்க ஓர் அலுவலரையும் நிறுவனம் நியமிக்க வேண்டும்.

எடுக்கப்போகும் முதலாளிக்கு: சீருடை, கழிப்பறை, தங்கும் அறை எது தோது என்று அவரிடமே கேளுங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். வரவேற்பில் நிற்பவரிடம் பத்து ரூபாயை நீட்டி ஆசி கேட்கும் விருந்தினர் வருவார். அன்று பக்கத்தில் மேனேஜர் நின்று, "சார், அவங்க இங்க ஸ்டாஃப். சாவி வாங்கிக்கோங்க" என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் இரண்டு முறை சொன்னால் மூன்றாவது முறை ரூம் பாயே சொல்லிவிடுவான்.

பீகார், ஒடிசா பையன்களுக்கும் நம் ஆட்களுக்கும் தினமும் சண்டை. (ஓசூர்)

பாதிச் சண்டை லீவுக்காக இருக்கும். நம்மவர்களுக்குப் பொங்கல், ஆடி 18. ஓசூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்களுக்கு உகாதி. பீகாரிகளுக்குத் தீபாவளிக்கு ஆறாம் நாள் சட் பூஜை. கிருஷ்ணகிரியில் ரம்ஜான் நோன்பு இருப்பவர்களுக்கு மாலை நோன்பு திறக்க இருபது நிமிடம் வேண்டும். ஜனவரியிலேயே ஒரு தாளில் எல்லாரையும் நாள் எழுதச் சொல்லி ஒட்டிவிடுங்கள். ஒருவருக்காக இன்னொருவர் நின்றால் கோபம் தானாகக் குறையும். அப்புறம், "ஏய் இந்திக்காரா" என்று கூப்பிடுவதை நிறுத்துங்கள். அவனுக்குப் பெயர் இருக்கிறது.

வத்தல்மலையில் ஹோம்ஸ்டே ஆரம்பிக்கிறேன். அங்குள்ள "மலையாளி" என்ற பழங்குடிப் பையன்களுக்கு வேலை கொடுத்து, அவர்கள் உடையில் விருந்தினரை வரவேற்க வைக்கலாமா?

வேடிக்கை காட்ட ஆள் எடுப்பதென்றால் வேண்டாம். காபித் தோட்டம், பாதை, எந்த மாதத்தில் எங்கே பனி இறங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது. அதற்குச் சம்பளம் கொடுங்கள், வழிகாட்டி என்று பெயர் போடுங்கள். அறுவடைக் காலத்தில் அவர்கள் வீட்டு வேலை முதலில் வரும், அதற்கு ஆள் மாற்றி வையுங்கள். வாரக் கூலியாகக் கொடுத்தால் நிற்பார்கள். உடை விஷயத்தை அவர்களிடமே கேளுங்கள். "பேன்ட் சட்டைதான்" என்றால் பேன்ட் சட்டைதான்.