மோட்டார்ஹோமைக் கப்பலில் ஏற்றி ஸ்பெயின் போகிறீர்களா? முதலில் செய்ய வேண்டியவை

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். செகண்ட் ஹேண்டில் நான்கு படுக்கை உள்ள மோட்டார்ஹோம் ஒன்று வாங்கியிருக்கிறோம். வரும் ஜனவரியில் போர்ட்ஸ்மவுத்திலிருந்து கப்பலில் சாண்டாண்டர் போய், தெற்கு ஸ்பெயின், போர்ச்சுகல் என்று மூன்று மாதம் சுற்ற எண்ணம். வண்டி ஓட்டப் போவது கணவர். அவர் லைசென்ஸ் எடுத்தது 1999-இல். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். என் அம்மாவும் வருகிறார், அவருடையது இலங்கைப் பாஸ்போர்ட். அம்மாவுக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளுமா என்ற பயமும் இருக்கிறது. என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

பதில்: வாங்க வேண்டியவை கொஞ்சம் காத்திருக்கட்டும். தண்ணீர்க் குழாயை மறந்துவிட்டு வந்தால் ஸ்பெயினில் எந்த ஊரிலும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பாஸ்போர்ட் தேதியையும், லைசென்ஸ் வகையையும், வண்டியின் எடையையும் அங்கே போய் மாற்ற முடியாது. கப்பல் கரையை விட்டபின் சரிசெய்ய முடியாதவற்றை இப்போதே தொடங்குங்கள். உங்கள் விஷயத்தில் அது அம்மாவின் விசா.

பிரிட்டனில் நிரந்தர வதிவிட உரிமை இருந்தாலும் இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும் (ஸ்பெயின், போர்ச்சுகல் உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான விசா). எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்களுக்கு அது ஸ்பெயின். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடும் கேட்பார்கள். விசா வந்ததும் எத்தனை நாளுக்கு, எத்தனை முறை நுழைய என்று எழுதியிருப்பதை நிதானமாகப் படியுங்கள். ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால், ஸ்பெயினின் தென்முனையிலுள்ள தரீஃபாவிலிருந்து மொராக்கோவுக்கு ஒரு நாள் போய் வரலாம் என்ற ஆசையை விட்டுவிட வேண்டும். வெளியே போனால் அம்மா திரும்பி உள்ளே வர முடியாது.

நீங்களும் கணவரும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றே எடுத்துக்கொள்கிறேன். நுழையும் நாளில் பாஸ்போர்ட் வழங்கப்பட்டுப் பத்து ஆண்டு ஆகியிருக்கக் கூடாது; வெளியேறும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். 2018 செப்டம்பருக்கு முன் எடுத்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகள் சிலவற்றில் பத்து ஆண்டுக்கு மேல் சில மாதங்கள் கூட்டிப் போட்டிருப்பார்கள். அந்தக் கூடுதல் மாதங்களை நம்பிப் புறப்படாதீர்கள்.

அப்புறம் நாள் கணக்கு. எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் ஷெங்கன் நாடுகளில் இருக்கலாம். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் இதில் சேரும். சாண்டாண்டரில் ஜனவரி 5 இறங்கினால் ஏப்ரல் 4 தொண்ணூறாவது நாள். நம் வீடுகளில் இந்தக் கணக்கு தப்புவது வேறு இடத்தில்: நவம்பரில் பாரிஸில் சித்தி மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள், கிறிஸ்துமஸுக்கு சுவிஸில் அண்ணா வீட்டில் நான்கு நாள் என்று போயிருப்போம். அந்த ஒன்பது நாளும் இந்தத் தொண்ணூறில் கழியும். 2025 அக்டோபர் 12-இல் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து, வந்து போகும் நாளைக் கணினியிலேயே பதிகிறார்கள். முத்திரை தெளிவாக விழவில்லை என்று சொல்லித் தப்ப வழியில்லை. குளிர்காலத்தில் புயல் வந்தால் கப்பல் தள்ளிப்போகும், ரத்தும் ஆகும். ஆகவே திரும்பும் கப்பலை 90-ஆவது நாளில் போடாமல், ஒரு வாரம் கையில் இருக்கும்படி போடுங்கள்.

இனி லைசென்ஸ். 1997 ஜனவரி 1-க்குப் பிறகு தேர்வானவர்கள் சாதாரண லைசென்ஸில் ஓட்டக்கூடிய மோட்டார்ஹோம் 3,500 கிலோ வரைதான். வண்டியின் தகட்டில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை என்ன போட்டிருக்கிறது என்று இன்றே பாருங்கள். அது 3,850 என்றால் உங்கள் கணவர் அதை ஓட்டவே கூடாது. அவர் இன்சுலின் போடுவது லைசென்ஸ் தரும் அரசு அலுவலகமான டி.வி.எல்.ஏ-வுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்சுலின் எடுப்பவர்களுக்கு லைசென்ஸை ஒன்று முதல் மூன்று ஆண்டுக்குத்தான் தருகிறார்கள். அது பயணத்தின் நடுவில் முடிகிறதா என்று பாருங்கள். ஓட்டத் தொடங்குவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை, பிறகு ஓட்டும்போது இரண்டு மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். அளவு (பிரிட்டனில் பயன்படும் mmol/L கணக்கில்) 5-க்கு மேல் இருந்தால்தான் ஸ்டியரிங்கைத் தொட வேண்டும். 5-உம் அதற்குக் கீழும் என்றால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும், 4-க்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது. அங்கே ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேர ஓட்டம் சாதாரணம். டெஸ்ட் ஸ்ட்ரிப் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும், இப்போதே டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.

எடை விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், பலரும் இதை வண்டி விற்றவர் வாய்ச்சொல்லோடு விட்டுவிடுகிறார்கள். 3,500 கிலோ வண்டி, வெறுமையாக ஓட்டுநரோடு 3,100 என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோ மிச்சம் என்றால் தாராளம் போலத் தோன்றும். நீங்களும் அம்மாவும் சேர்ந்து 125. இரண்டு மின்சைக்கிளும் அதன் தாங்கியும் 60. வெயில் மறைப்பு 30, இரண்டாவது பேட்டரி 25, சூரியத் தகடு 10. விற்பனைக் குறிப்பேட்டில் தண்ணீரை 20 லிட்டர் என்றுதான் கணக்கிட்டிருப்பார்கள். நூறு லிட்டர் தொட்டியை நிரப்பினால் இன்னும் 80. கூட்டினால் 330. மூன்று பேருக்கு மூன்று மாதத் துணி, அரிசி, பாத்திரம், நாற்காலி, கேபிள் எல்லாவற்றுக்கும் 70 கிலோதான் பாக்கி. அதிக எடையோடு பிடித்தால் அபராதம் போட்டு, இறக்கி வைத்தபின்தான் போக விடுவார்கள். விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு, பயணத்துக்குப் போவது போலவே ஏற்றி, மூவரும் உட்கார்ந்து, எடை மேடைக்குப் போங்கள். மொத்த எடையோடு முன் அச்சு, பின் அச்சு எடைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். சைக்கிள்கள் பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்குவதால், தம் எடையைவிட அதிகமாகப் பின் அச்சில் அழுத்தும். அந்தக் கூடுதல் அளவுக்கு முன் அச்சு லேசாகும். முன் சக்கரம் இழுக்கும் வண்டியில் ஈரப் புல்லில் சக்கரம் வெறுமனே சுழல்வது இதனால்தான். எடை மீறினால் முதலில் சைக்கிளை விடுங்கள். தண்ணீரைத் தொட்டியில் கால்வாசி வைத்துக்கொண்டு ஓட்டலாம், போய்ச் சேர்ந்ததும் நிரப்பிக்கொள்ளலாம்.

இன்னொன்று: நான்கு படுக்கை என்றால் நான்கு சீட் பெல்ட் என்று அர்த்தமில்லை. பழைய வண்டிகள் பலவற்றில் பெல்ட் முன்னால் இரண்டுதான். அம்மா உட்காரப்போகும் இருக்கையில் பெல்ட் இருக்கிறதா? இல்லை என்றால் வேறு எதைப் பற்றியும் யோசிப்பதற்கு முன் அதைத் தீர்க்க வேண்டும்.

மற்ற காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.ஓ.டி எனும் வண்டியின் ஆண்டுத் தகுதிச் சான்றும் சாலை வரியும் நீங்கள் திரும்பும் நாள் வரை இருக்க வேண்டும், எம்.ஓ.டி-யை ஸ்பெயினில் எடுக்க முடியாது. முடியும் தேதிக்கு ஒரு மாதம் (ஒரு நாள் குறைவாக) முன் எடுத்தாலும் பழைய தேதியே தொடரும், அதனால் நஷ்டமில்லை. வண்டியின் பதிவுப் புத்தகம் அசலாக வேண்டும். காப்பீட்டில் தொடர்ந்து எத்தனை நாள் வெளிநாட்டில் இருக்கலாம் என்ற வரம்பைத் தேடிப் படியுங்கள். வழியில் வண்டி நின்றால் உதவும் திட்டத்தில் வண்டியின் நீளம், எடைக்கு உச்சவரம்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஐரோப்பாவில் அரசு மருத்துவச் சிகிச்சைக்கு உதவும், என்.எச்.எஸ் தரும் ஜி.எச்.ஐ.சி அட்டை இலவசம், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவை அது தராது, பயணக் காப்பீடு தனியாக வேண்டும்.

வண்டியின் பின்னால் யு.கே ஸ்டிக்கர் கட்டாயம். நம்பர் பிளேட்டிலேயே யு.கே என்று இருந்தாலும் ஸ்பெயினில் தனி ஸ்டிக்கர் கேட்பார்கள், பழைய ஜி.பி ஸ்டிக்கர் 2021 செப்டம்பர் 28 முதல் செல்லாது. சைக்கிள் பின்னால் தொங்கினால் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட அரை மீட்டர் சதுரப் பலகை மாட்ட வேண்டும். முன்விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்காமலிருக்க ஒட்டும் தகடு, முக்கோணங்கள், ஆளுக்கொரு பிரதிபலிப்பு ஜாக்கெட். ஜாக்கெட்டைப் பின் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். சாலையில் இறங்கும்போதே போட்டிருக்க வேண்டும், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கப்பலுக்கு முன்பதிவு செய்யும்போது நீளத்தையும் உயரத்தையும் நீங்களே டேப் வைத்து அளந்து கொடுங்கள். சைக்கிள் தாங்கி நீளத்தில் சேரும், கூரையில் உள்ள ஆண்டெனாவும் ஏசியும் உயரத்தில் சேரும். உள்ளே போகுமுன் கேஸை சிலிண்டரிலேயே அடைத்துவிட வேண்டும். ஆடும் கப்பலில் திருட்டு அலாரம் தானாக அடிக்கும், அதையும் அணையுங்கள். கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு, இரவுப் பையோடு மேலே போய்விட வேண்டியதுதான். கப்பல் ஓடும்போது வண்டித் தளத்துக்குத் திரும்ப விடமாட்டார்கள். பயணம் ஏறக்குறைய 30 மணி நேரம் என்பதால் கேபின் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நேரம் முழுக்க வண்டியின் ஃப்ரிட்ஜும் ஓடாது. அதனால் நஷ்டமில்லை, காலியாகத்தான் போக வேண்டும்: பிரிட்டனிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. தயிர், நெய், பனீர், கோழிக்கறி எதுவும் கூடாது. பச்சைக் காய்கறியும் கறிவேப்பிலையும் அப்படியே. தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் விலக்கு உண்டு. சுத்தம் செய்த மீன் ஆளுக்கு 20 கிலோ வரை போகலாம், கருவாடும் அதில் அடக்கம். அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் கவலையில்லை.

இன்சுலினை மட்டும் ஃப்ரிட்ஜில் மறந்துவிடாதீர்கள். குளிர்பையில் வைத்து கேபினுக்குக் கொண்டுபோங்கள். வண்டியில் வைக்கும்போதும் ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். அந்தச் சின்னப் பெட்டிகளில் பின்பக்கம் உறைந்துபோகும், ஒருமுறை உறைந்த இன்சுலினைப் போடவே கூடாது. உள்ளே ஒரு சிறிய வெப்பமானி வைத்தால் நிம்மதி. மருந்துகளை அசல் பெட்டியோடும் சீட்டின் நகலோடும் இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள்.

கேஸ் பற்றி ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை வரும். ஸ்பெயின் என்றால் வெயில் என்று நினைக்கிறோம், ஆனால் சாண்டாண்டரிலிருந்து தெற்கே இறங்கும் வழியில் பெரும்பகுதி மேட்டுநிலம். பர்கோஸ், சலமன்கா எல்லாம் 800 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன, ஜனவரி இரவில் அங்கே தண்ணீர் உறையும். சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் ஹீட்டர் எரியாத இரவு அங்கேதான் வரும். ஆகவே புரொப்பேன் சிலிண்டரோடு புறப்படுங்கள். பிரிட்டனின் கேலர் சிலிண்டரை அங்கே மாற்றித் தரமாட்டார்கள். நீல நிற கேம்பிங்காஸ் எங்கும் கிடைக்கும், ஆனால் பெரிய அளவே 2.75 கிலோதான், அதுவும் பியூட்டேன் வகை. தெற்கே போனபின் சமையலுக்கு உதவும். குளிர் நாட்களில் மின் இணைப்புள்ள முகாமில் தங்கி மின்சாரத்தில் சூடேற்றுவதே புத்தி.

அந்த மின் இணைப்பிலும் சில இடங்களில் 6 ஆம்பியர்தான் தருவார்கள். அதாவது 1,380 வாட். வீட்டுக் கெட்டில் போட்டவுடன் மின்சாரம் போய்விடும். ரைஸ் குக்கர் தாங்கும், ஹீட்டரோடு சேர்த்துப் போடாதீர்கள். பிரஷர் குக்கர் ஒன்று இருந்தால் கேஸ் பாதி மிச்சம். கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பாருங்கள்; குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைக்கவே கூடாது.

வழி: ஏ-67, ஏ-62, பிறகு சலமன்காவிலிருந்து ஏ-66 பிடித்து செவில் வரை, கிட்டத்தட்ட முழுவதும் சுங்கமில்லாத நெடுஞ்சாலை. சலமன்காவுக்குத் தெற்கே மலைப்பகுதியான பெஹார் பக்கம் பனி விழலாம், கிளம்பும் முன் வானிலை பாருங்கள். போர்ச்சுகலின் அல்கார்வே ஏ-22 சாலைக்கும் 2025 ஜனவரி முதல் சுங்கம் இல்லை. ஸ்பெயினில் முறையாக நிறுத்திய வண்டிக்குள் உறங்கலாம். நாற்காலி, வெயில் மறைப்பு என்று ஒன்றை வெளியே விரித்தால் அது முகாம் ஆகிவிடும், அபராதம் வரும். போர்ச்சுகலில் இன்னும் கண்டிப்பு: கடற்கரையோரத்திலும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளிலும் குறித்த இடம் தவிர இரவு தங்கக் கூடாது, மற்ற இடங்களில் ஒரே நகராட்சிக்குள் 48 மணி நேரம்தான்.

கடைசியாக அம்மா. கப்பல் கடந்து போகும் பிஸ்கே விரிகுடா ஜனவரியில் அமைதியாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அட்லாண்டிக்கின் நீண்ட அலை அங்கே நேராக வந்து மோதும். கப்பலின் நடுப்பகுதியில், முடிந்தவரை கீழ்த்தளத்தில் கேபின் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. வாந்தி மாத்திரை வாந்தி தொடங்கியபின் பலன் தராது, புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். அம்மா வேறு மருந்துகள் எடுக்கிறார் என்றால் எந்த மாத்திரை ஒத்துவரும் என்று மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். இறங்கியதும் அன்றே மலை ஏற வேண்டாம். சாண்டாண்டர் பக்கமே கடலோரத்தில் ஒரு இரவு தங்கி, அம்மாவுக்குச் சூடாக ஒரு ரசம் வைத்துக் கொடுத்துவிட்டு, மறுநாள் வெளிச்சத்தில் தெற்கே புறப்படுங்கள்.