ஸ்காபரோவில் முதல் வீடு வாங்கப் பார்க்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கனடா வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன, பண்டகசாலை வேலையில் ஆண்டுக்கு 48,000 டொலர் கிடைக்கிறது, கையில் 25,000 டொலர் சேர்ந்திருக்கிறது, இதை வைத்து ஸ்காபரோவில் முதல் வீடு வாங்கலாமா, எந்த வங்கிக்குப் போவது, நிலையான வட்டியா மாறும் வட்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கியையும் வட்டியையும் ஒரு நேர்மையான கடன் முகவர் அரை மணித்தியாலத்தில் விளக்கிவிடுவார். என்னை எழுத வைத்தது, வருமானம் காணாவிட்டால் மச்சான் சேர்ந்து கையெழுத்து வைப்பார் என்று நீங்கள் கடைசியில் போட்டிருந்த வரிதான்.

1999இல் என் மச்சானுக்கு அப்படிக் கையெழுத்து வைத்தவன் நான். அப்போது பிஞ்ச் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பேஸ்மென்டில் நான்கு பேருடன் இருந்து, இரவில் தொழிற்சாலையிலும் பகலில் உணவகத்திலும் வேலை செய்துகொண்டிருந்தேன். உறவுக்குள் மறுக்க மனம் வரவில்லை. வீட்டு உறுதியில் என் பெயரும் ஏறியது. 2001இல் மணமுடித்து, எனக்கென்று கடன் கேட்டுப் போனபோது, வங்கி அலுவலர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மச்சானின் கடன் பாதியல்ல, முழுவதுமே என் கடனாக நின்றது. அவர் பிந்திக் கட்டிய இரண்டு மாதத் தவணைகளும் என் பெயரில் பதிவாகியிருந்தன. கடனைத் தனியே பொறுப்பேற்க அவருடைய சம்பளம் காணாததால், ஐந்தாண்டு ஒப்பந்தம் முடியும்வரை மூன்று ஆண்டுகள் நான் வாடகைக்கு இருந்தேன், வீட்டு விலையோ ஏறிக்கொண்டே போனது. உங்கள் மச்சானுக்கும் நாளை ஒரு வீடு தேவைப்படும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். 20 சதவீதத்துக்குக் குறைவாக முற்பணம் போடுபவர்கள் வங்கியின் இழப்பை ஈடுசெய்யும் கடன் காப்புறுதி எடுத்தே ஆகவேண்டும். வீட்டுத் தவணை, சொத்து வரி, சூடாக்கும் செலவு எல்லாம் சேர்ந்து மொத்த வருமானத்தில் 39 சதவீதத்தையும், மற்றக் கடன்களையும் கூட்டினால் 44 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்பதே அந்தக் காப்புறுதியைத் தரும் அரச நிறுவனமான கனடா வீட்டு வசதிக் கூட்டுத்தாபனத்தின் வரையறை. அதுவும் நீங்கள் கட்டப்போகும் வட்டியில் அல்ல, அதைவிட 2 சதவீதம் கூடிய வட்டியில் கணக்குப் பார்ப்பார்கள். மாதம் 4,000 டொலர் வருமானத்துக்கு 39 சதவீதம் 1,560 டொலர். வரியும் சூடும் போக எஞ்சுவதற்கு இரண்டு லட்சம் டொலர் கடன்கூடத் தேறாது. கார்க் கடன் மாதம் 500 டொலர் இருந்தால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். ஆகவே காரை முதலில் கட்டி முடியுங்கள், மனைவி முழுநேர வேலைக்குப் போகும்வரை பொறுங்கள்.

கிடைக்கும் கடனுக்கும் வீட்டு விலைக்கும் உள்ள இந்த இடைவெளியை நிரப்பித் தருகிறோம் என்று வருபவர்கள்தான் எனக்குப் பயம். வேலைக் கடிதத்தில் சம்பளத்தைக் கூட்டி எழுதித் தருவதாக என்னிடமும் ஒருவர் சொன்னார். பொய்க் கடிதத்தைக் கொடுப்பது மோசடி, அதன் அடியில் இருப்பது உங்கள் கையெழுத்து; அதோடு, இல்லாத சம்பளத்துக்குக் கிடைத்த கடனை இருக்கிற சம்பளத்தில்தான் கட்டவேண்டும். நம்மவர்கள் கொண்டாட்டங்களில் சந்தித்தால் மார்க்கம் நகரில் வாங்கிய வீட்டில் எத்தனை அறை, எத்தனை கார் நிறுத்தும் கராஜ் என்றுதான் விசாரிக்கிறார்கள். அந்தப் பேச்சில் வெட்கப்பட்டு அவசரப்பட்டவர்கள் தனியார் கடனுக்குக் கூடிய வட்டி கட்டி உருக்குலைந்ததை நான் கண்டிருக்கிறேன். சீட்டெடுத்த காசை முற்பணமாக்க நினைத்தாலும், வழக்கமாக வங்கி 90 நாள் கணக்கறிக்கை கேட்டு, அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கும்.

முற்பணத்தோடு செலவு முடிவதுமில்லை. 5 லட்சம் டொலர் வீட்டுக்கு உங்கள் 25,000 டொலர் சரியாக 5 சதவீதம். 25 ஆண்டுக் கடனானால் காப்புறுதிக் கட்டணம் 19,000 டொலர் கடனோடு சேரும், ஆனால் அதன்மேல் 8 சதவீத மாகாண வரி 1,520 டொலரைக் கையில் வைக்க வேண்டும். ஸ்காபரோ ரொறன்ரோ நகருக்குள் இருப்பதால் மாகாணம், நகரம் இரண்டுக்கும் நில மாற்ற வரி உண்டு, மொத்தம் 12,950 டொலர். முதல் வீடு வாங்குபவருக்கு அதில் 8,475 டொலர் கழிவு கிடைக்கும். இந்தக் கழிவுக்கு உலகத்தில் எங்கேயும் உங்களுக்கு வீடு இருந்திருக்கக்கூடாது. உங்கள் மனைவியாக இருக்கும் காலத்தில் அவருக்கும் இருந்திருக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் சீதன வீடு அவர் பெயரில் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம்.

எனக்கு இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல ஆளிருக்கவில்லை. 2004இல் ஸ்காபரோவின் மால்வேன் பகுதியில் ஒரு சிறிய பழைய வீட்டுக்குத் திறப்பு வாங்கப் போவதற்கு நான்கு நாள் முன்பு, வழக்கறிஞர் ஒரு மஞ்சள் தாளில் ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டி, இன்னும் ஏறக்குறைய 4,000 டொலர் வேண்டும் என்று தாளை என்னிடம் நீட்டினார். மாலையில் அதை மனைவியிடம் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் இரண்டு கைக் காப்புகளையும் சவர்க்காரம் பூசிக் கழற்றி மேசையில் வைத்தார். அதே நிறையில் வேறு இரண்டு வாங்கிக் கொடுக்க எனக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன.