மகளின் வாசிப்புச் சிரமமும் 2,000 பவுண்ட் சீட்டுக் காசும்

கேள்வி: மகளுக்கு வயது 18. நவம்பரில் 19 முடிகிறது. செப்டம்பரில் மன்செஸ்டருக்குக் கம்பஸ் போகிறா, பயோமெடிக்கல் சயன்ஸ். சின்ன வயதிலிருந்தே வாசிக்கும்போது வரி தவறும், எழுத்து அசைகிறது என்பா, அரை மணித்தியாலத்தில் தலையிடி வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் ஏ லெவல் சோதனைக்கு 25 சதவீதம் கூடுதல் நேரம் கொடுத்தார்கள். சீட்டு எடுத்த 2,000 பவுண்ட் கையில் இருந்தது. அதில் 950 பவுண்டுக்கு லேப்டாப் ஒன்று ஒன்லைனில் வாங்கிவிட்டேன். போன கிழமைதான் வந்தது, பெட்டி பிரிக்கவில்லை. நிறக் கண்ணாடிக்கு 400, வாசித்துக் காட்டும் பேனாவுக்கு 250 என்று எடுத்து வைத்திருக்கிறேன். டிஎஸ்ஏ (டிசேபிள்ட் ஸ்டூடன்ட்ஸ் அலவன்ஸ்) என்று ஓர் உதவி இருக்கிறதாம். அதுவும் கடன்தான், நீங்கள் இரண்டு பேரும் 78,000 உழைப்பதால் கிடைக்காது என்று தெரிந்த ஆக்கள் சொல்கிறார்கள். உண்மையா? யாழ்ப்பாணத்திலிருந்து மாஸ்டர்ஸ் படிக்க வரும் அண்ணாவின் மகனுக்கும் இதே சிக்கல். அவருக்கு ஏதும் கிடைக்குமா?
— ஒரு தாய், ஹாரோ, லண்டன்

பதில்: பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஒன்லைனில் வாங்கிய பொருளை, கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணம் எதுவும் சொல்லாமல் ரத்துச் செய்ய இங்கே சட்டப்படி உரிமை உண்டு. ரத்து என்று மின்னஞ்சலில் அறிவித்த பிறகு பொருளைத் திருப்பி அனுப்ப இன்னொரு 14 நாள் கிடைக்கும். இன்றே எழுதுங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம்.

ஏன் இந்த அவசரம் என்றால், டிஎஸ்ஏ வழியாக மகளுக்குக் கணினி பரிந்துரைக்கப்பட்டால் நீங்கள் கட்ட வேண்டியது முதல் 200 பவுண்ட் மட்டும்தான். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். படிப்புக்குத் தேவையான மென்பொருள் ஓடக்கூடிய கணினியாகப் பார்த்துக் கொடுப்பார்கள், வழக்கமாகப் படிப்புக் காலத்துக்கான வாரண்டியும் சேர்ந்து வரும். ஆனால் வீட்டில் ஏற்கெனவே நல்ல கணினி இருந்தால், "உங்களிடம் இருப்பதே போதும்" என்று மென்பொருளோடு நிறுத்திவிடலாம். ஒப்புதல் வருவதற்கு முன் நீங்களாக வாங்கிய பொருளுக்குப் பின்னால் ரசீது காட்டிப் பணம் கேட்கவும் முடியாது. முந்திக்கொண்டு வாங்கினால் நட்டம் உங்களுக்குத்தான்.

உங்களுக்குச் சொன்ன ஆக்கள் டிஎஸ்ஏயை மெயின்டனன்ஸ் லோன் எனப்படும் மாணவர் வாழ்க்கைச் செலவுக் கடனோடு போட்டுக் குழப்புகிறார்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பது அந்த லோனைத்தான். டிஎஸ்ஏ என்பது உடல்நிலையாலோ கற்றல் சிரமத்தாலோ படிப்பில் ஏற்படும் கூடுதல் செலவுக்கான மானியம். நீங்கள் 78,000 உழைத்தாலும் 1,78,000 உழைத்தாலும் அது ஒன்றுதான். திருப்பிக் கட்டத் தேவையில்லை. மகள் வேலைக்குப் போய் ஆண்டுக்கு 25,000 பவுண்டுக்கு மேல் உழைக்கும் பகுதியில் 9 சதவீதம் பிடிப்பார்களே, அந்தக் கடன் கணக்கில் இது சேராது. இங்கிலாந்தில் 2025-26 கல்வியாண்டுக்கான உச்சவரம்பு 27,783 பவுண்ட். அந்த எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். அது மேல் எல்லை மட்டுமே, கையில் தருகிற காசு அல்ல. தேவை என்று எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் செலவாகும். பெரும்பாலும் பொருள் கொடுக்கும் நிறுவனத்துக்கே நேராகப் போகும்.

பல்கலைக்கழகம் எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை, உங்கள் வீடு எங்கே என்பதே கணக்கு. நீங்கள் ஹாரோவில் இருப்பதால் விண்ணப்பிக்க வேண்டியது ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து என்ற மாணவர் நிதி அமைப்பிடம். நாளைக்கு மகள் கிளாஸ்கோவுக்கு மாறினாலும் அதுதான்.

## பள்ளிக்கூடத்துக் கடிதம் போதாது

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. 25 சதவீதக் கூடுதல் நேரத்துக்காகப் பள்ளிக்கூடம் நிரப்பியது "ஃபார்ம் 8" என்ற படிவமாக இருக்கும். அது ஏ லெவல் சோதனைக்கான ஏற்பாடு, அவ்வளவுதான். டிஎஸ்ஏ கேட்பது முழுமையான மதிப்பீட்டு அறிக்கை. அதை எழுதுபவர் எச்சிபிசி என்ற தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவுபெற்ற உளவியலாளராக இருக்க வேண்டும், அல்லது ஏபிசி எனப்படும் மதிப்பீட்டுச் சான்றிதழ் நடப்பில் உள்ள சிறப்பாசிரியராக இருக்க வேண்டும். சின்ன வயதில் அப்படி ஒரு அறிக்கை எடுத்திருந்தால் பரணைத் தேடிப் பாருங்கள். 2019-க்கு முன்புவரை 16 வயதுக்குப் பிறகு எடுத்ததுதான் செல்லும் என்றிருந்தது. இப்போது எந்த வயதில் எடுத்ததும் செல்லும். கிடைத்தால் பெரிய செலவு ஒன்று மிச்சம்.

இல்லையென்றால் தனியாக எடுக்க 500 முதல் 800 பவுண்ட் வரை ஆகும். டிஎஸ்ஏ இந்தச் செலவைத் தராது. சில பல்கலைக்கழகங்கள் மாணவர் சேர்ந்த பிறகு முழுதாகவோ பாதியாகவோ கொடுப்பதுண்டு. மன்செஸ்டரில் மகள் சேரப்போகும் இடத்தின் மாற்றுத்திறனாளர் சேவைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். ஆனால் அதற்காகக் காத்திருந்தால் முதல் தவணை முழுக்க உதவி இல்லாமல் போகும். சீட்டுக் காசில் இந்த ஒரு செலவை மட்டும் நான் தயங்காமல் செய்வேன்.

மதிப்பீட்டாளரிடம் நேரம் பதிவு செய்யும்போது அவரது சான்றிதழ் எண்ணும் காலாவதித் தேதியும் கேட்டு வாங்குங்கள். "அறிக்கையின் முடிவில் குறைபாட்டின் பெயர் சொல்லி எழுதுவீர்களா?" என்றும் கேளுங்கள். "பார்வைச் செயலாக்கச் சிரமம்" என்பது ஒரு வர்ணனை. ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் அதிகாரி தேடுவது "இவருக்கு டிஸ்லெக்ஸியா (வாசிப்பு, எழுத்துக் கற்றல் குறைபாடு) உள்ளது" என்பது போன்ற ஒரு நேர் வாக்கியம். "டிஸ்லெக்ஸியாவுக்கான அறிகுறிகள் தென்படுகின்றன" என்று முடியும் ஸ்கிரீனிங் (முதற்கட்டச் சோதனை) தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எழுத்து அசைவதுபோல் தெரிவதைச் சொல்லும் "விஷுவல் ஸ்ட்ரெஸ்" என்பதும் தனியாக ஒரு கற்றல் குறைபாடாக இங்கே எண்ணப்படுவதில்லை. அப்படி மட்டும் எழுதிய தாளோடு விண்ணப்பித்தால் திரும்பி வரும் வாய்ப்பே அதிகம். மூளையில் பார்வைப் பகுதி பாதிப்பு போன்ற மருத்துவக் காரணம் இருந்தால் வழி வேறு: அதற்கு இந்த அறிக்கை வேண்டியதில்லை, மருத்துவரின் சான்று வேண்டும்.

## முதலில் கண்

மதிப்பீட்டாளர் தொடக்கத்திலேயே பார்வை பற்றிய கேள்வித்தாள் ஒன்று தருவார். வரி தவறுகிறதா, எழுத்து இரண்டாகத் தெரிகிறதா, தலையிடி வருகிறதா என்றெல்லாம் இருக்கும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மகள் பாதிக்கு மேல் "ஆம்" போடுவாள். அப்போது முதலில் கண்ணைக் காட்டி வரச் சொல்வார். அதனால் அதை இப்போதே முடித்துவிடுங்கள். இங்கிலாந்தில் முழுநேரம் படிக்கும் 19 வயதுக்குட்பட்டவருக்கு என்எச்எஸ் (அரச சுகாதார சேவை) கண் பரிசோதனை இலவசம், கண்ணாடி தேவைப்பட்டால் வவுச்சரும் உண்டு. நவம்பர் பிறந்தநாளுக்குப் பிறகு இரண்டும் போய்விடும்.

சும்மா போய் உட்கார்ந்தால் தூரத்து எழுத்தைக் காட்டி, "பார்வை நல்லாயிருக்கு" என்று அனுப்பிவிடக்கூடும். கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது இரண்டு கண்ணும் ஒன்றாகக் குவிகிறதா, குவிந்தபடியே நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கண்கள் உள்நோக்கிக் குவிவது பலவீனமாக இருந்தாலும் எழுத்து ஆடும், வரி தவறும், தலையிடி வரும். மகள் சொல்லும் அதே மூன்றும். அதற்குக் கண் பயிற்சி இருக்கிறது, மருத்துவமனைக்கு அனுப்பினால் என்எச்எஸ்ஸில் செலவில்லை. 400 பவுண்ட் நிறக் கண்ணாடி அதைத் தொடவே தொடாது.

நிறக் கண்ணாடி பற்றி என் கருத்தை ஒளிக்கவில்லை: இப்போதைக்கு வேண்டாம். சிலர் அதில் சுகம் காண்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் 2016-இல் வந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, வாசிப்பை அது மேம்படுத்துகிறது என்று சொல்லப் போதுமான தரமான சான்று இல்லை என்றே முடித்தது. நிறம் உதவுகிறதா என்று அறியச் சல்லிக் காசு தேவையில்லை. வேர்டில் "இம்மர்சிவ் ரீடர்" திறந்து பக்க நிறத்தை மாற்றலாம், வரி இடைவெளியைக் கூட்டலாம், "லைன் ஃபோகஸ்" போட்டால் ஒரு வரி, மூன்று வரி அல்லது ஐந்து வரி மட்டும் தெரிந்து மற்றது இருண்டுவிடும். ஒரே பாடநூலில் ஒரே நீளமான பகுதிகளை எடுத்து, ஒரு நாள் வெள்ளையில், மறுநாள் நிறத்தில் என்று இரண்டு கிழமை வாசித்து நேரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் கடிகாரத்தில் தெரிந்தால் அப்போது கண்ணாடியைப் பேசலாம். வரி தவறுகிற பிள்ளைக்கு பெரும்பாலும் நிறத்தைவிட லைன் ஃபோகஸ்தான் வேலை செய்யும்.

வாசிக்கும் பேனா இன்னும் மோசமான பொருத்தம். அதை வரியின்மேல் நேராக இழுத்தால்தான் படிக்கும். வரியைப் பிடிக்க முடியாதவளிடம் வரியைப் பிடிக்கச் சொல்லும் கருவி! தவிர, பயோமெடிக்கல் படிப்பில் வாசிப்பெல்லாம் திரையில். பேனாவுக்கு வேலையே இருக்காது.

## செப்டம்பரிலிருந்து பின்னோக்கி

விண்ணப்பம் போட்டதிலிருந்து கருவி கைக்கு வர 14 கிழமை வரை ஆகலாம். செப்டம்பர் மூன்றாம் கிழமை வகுப்பு என்றால் ஜூன் நடுப்பகுதிக்குள் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். பல்கலைக்கழக இடம் உறுதியாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. லோனுக்கு விண்ணப்பித்த அதே கணக்கில் உள்ளே போய் அறிக்கையை ஏற்றலாம். தகுதி உண்டு என்ற கடிதம் வந்ததும், அதில் சொல்லும் நிறுவனம் (இங்கிலாந்தில் 2024 தொடக்கத்திலிருந்து கேப்பிட்டா அல்லது ஸ்டடிடெக்) எந்த உதவி வேண்டும் என்று பார்க்கும் தேவை மதிப்பீட்டுக்கு நேரம் ஒதுக்கும். அது சோதனை அல்ல, ஒன்றிரண்டு மணித்தியாலப் பேச்சு.

அந்தப் பேச்சில்தான் நம் பிள்ளைகள் கோட்டை விடுவார்கள். "எப்படி வாசிக்கிறாய்?" என்றால் "ஓகே, சமாளிப்பேன்" என்று சிரிப்பார்கள். எதிரில் இருப்பவர் அதையே எழுதுவார், பரிந்துரையும் அந்த அளவுக்கே வரும். மகளை முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லுங்கள்: ஒரு பக்கத்துக்கு எத்தனை நிமிடம், எத்தனையாவது நிமிடத்தில் தலையிடி, அட்டவணையில் எந்த இடத்தில் நிரை மாறிப்போகிறது. ஒரே பக்கத்தில் இரண்டு பத்தி (கொலம்) போட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் பக்கத்தில் வைத்திருக்கட்டும்.

அவள் கேட்க வேண்டியவை: உரையை வாசித்துக் காட்டும் மென்பொருள், விரிவுரையைப் பதிந்து குறிப்பெடுக்கும் செயலி, இரண்டு பக்கத்தை அருகருகே பெரிதாக்கிப் பார்க்க 24 அங்குலத் திரை, இவற்றைப் பழக்கும் பயிற்சி மணித்தியாலங்கள். பயிற்சியை "எனக்குத் தெரியும்" என்று தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 8,000 சொல் கட்டுரையை நிமிடத்துக்கு 180 சொல் வேகத்தில் கேட்டால் முக்கால் மணித்தியாலத்தில் முடியும். ஆனால் ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் மென்பொருள் ஊமையாகிவிடும், ஏனென்றால் அது படம், எழுத்தே இல்லை. இரு பத்திக் கட்டுரையில் அடிக்குறிப்பு நடு வாக்கியத்தில் புகுந்து குழப்பும். ஸ்கேனை எழுத்தாக மாற்றவும், கட்டுரையின் இணையப் பக்க வடிவத்தைத் திறந்து கேட்கவும் பழகாதவர்கள் இரண்டாம் கிழமையே கருவியை மூடிவைத்துவிடுகிறார்கள். ஸ்கேனை மாற்றித் தரும் வசதி பல நூலகங்களிலேயே உண்டு. பாடநூல்களின் டிஜிட்டல் பிரதிக்கு ஆர்என்ஐபி புக்ஷேர் என்ற மின்நூலகத்தில் இலவசமாகச் சேரலாம், டிஸ்லெக்ஸியா உள்ளவர்களும் அதில் அடக்கம்.

டிஎஸ்ஏ கிடைத்தால் தேர்வுக்குக் கூடுதல் நேரமும் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். அது பல்கலைக்கழகத்தின் கையில். அதே அறிக்கையை அவர்களிடமும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

உங்கள் சீட்டுக் கணக்கு இப்படி வரும்: கண் பரிசோதனை 0, அறிக்கை சுமார் 600, கணினிப் பங்கு 200. கையில் 1,200 நிற்கும். அந்த 200-ஐயும் பல்கலைக்கழகத்தின் நெருக்கடி நிதியிலிருந்து கேட்கலாம், சிலருக்குக் கிடைக்கிறது. மதிப்பீட்டில் கணினி பரிந்துரைக்கப்படாவிட்டால் இந்த 1,200-இல் ஓகஸ்டில் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம், 950 கொடுக்கவும் வேண்டியதில்லை.

அண்ணாவின் மகன் ஸ்டூடன்ட் விசாவில் வந்தால் டிஎஸ்ஏ கிடையாது. ஏஜென்சிக்காரர் வேறு மாதிரிச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி நியாயமான ஏற்பாடு செய்யும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு, அவர் எந்த நாட்டவராக இருந்தாலும். தேர்வில் கூடுதல் நேரம், விரிவுரைத் தாள் முன்கூட்டியே, வளாக உரிமத்தில் வாசிப்பு மென்பொருள் எல்லாம் கேட்கலாம். கண் மருத்துவரின் கடிதத்தையும் ஏதாவது மதிப்பீடு எடுத்திருந்தால் அதையும் ஆங்கிலத்தில் வாங்கிக்கொண்டு, விமானம் ஏறுவதற்கு முன்பே மாற்றுத்திறனாளர் சேவைப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஒரு வருட மாஸ்டர்ஸில் கிறிஸ்மஸுக்குப் பிறகு கேட்டால் பாதிப் படிப்பு முடிந்திருக்கும்.