பேரீச்சைக்கு நடுவில் ஓடும் நாழிகை

அன்புள்ள ஐயா,

நான் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்காரன். மஸ்கட்டில் எட்டு வருடமாக வேலை. போன வாரம் நண்பர்களோடு நிஸ்வா பக்கம் போனேன். வழியெல்லாம் மொட்டை மலை, கல், புழுதி. பிர்கத் அல் மவுஸ் வந்ததும் பேரீச்சை, வாழை, எலுமிச்சை என்று ஒரே பச்சை. கூட வந்தவர்கள் 'ஆண்டவன் கொடுத்தது' என்றார்கள். நமக்குப் பக்கத்திலேயே சித்தூர்ப் புழை இருந்தும் பங்குனியில் தென்னை ஓலை தொங்கிவிடுகிறது. அங்கே மட்டும் எப்படி?

(வாசகர், ஓமான்)

அன்புள்ள தம்பி,

மகளைப் பார்க்கப் போனபோது நானும் அந்த ஊரில் இரண்டு நாள் திரிந்திருக்கிறேன். பிர்கத் என்றால் குளம், மவுஸ் என்றால் வாழை. பெயரிலேயே விஷயம் இருக்கிறது.

அது ஃபலஜ் தண்ணீர். மலையடிவாரத்தில் ஊற்று இருக்கும் இடமாகப் பார்த்துக் கிணறு தோண்டி, அங்கிருந்து லேசான சரிவில் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள். மோட்டார் கிடையாது, தண்ணீர் தானாக நடந்து தோட்டத்துக்கு வருகிறது. காசர்கோட்டில் மலையைக் குடைந்து எடுக்கிறார்களே சுரங்கத் தண்ணீர், அதற்குச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்தது ஃபலஜ் அல் கத்மைன். 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஐந்து ஃபலஜ்களில் ஒன்று.

ஆனால் சுரங்கம் பாதிதான். மீதி, பங்கீடு. கோட்டைக்குப் பக்கத்தில் அந்த வாய்க்கால் மூன்றாகப் பிரிகிறது, மூன்றும் சம அளவு. முதலில் குடிக்க, அப்புறம் குளிக்க, அதற்கப்புறம்தான் தோப்புக்கு. தோப்பில் ஒவ்வொருவருக்கும் நேரப் பங்கு உண்டு. அரை மணி ஓர் அளவு, அதர் என்பார்கள். முன்பு பகலில் நட்ட குச்சியின் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றினார்கள்.

ஒரு பெரியவர் மடை திருப்பியதைக் கிட்ட நின்று பார்த்தேன். பழைய துணி சுற்றிய கல் ஒன்று. அதை எடுத்து எதிர் வாய்க்காலில் அடைத்தார். ஓரத்தில் கசிந்த இடத்தில் இன்னொரு துணுக்கைத் திணித்தார். ஒரு சொட்டும் பக்கத்துப் பங்குக்குப் போகவில்லை. என் தாத்தா சாக்கும் மண்ணும் வைத்து இதையேதான் செய்வார். அவருக்குக் கணக்கு நாழிகை, 24 நிமிடம்.

நம்மிடம் தண்ணீர்க் கணக்கு இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டோடு போட்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் வருடத்துக்கு 7.25 டிஎம்சி நமக்கு வரவேண்டும். ஒவ்வொரு கோடையிலும் அதைக் கேட்டுப் போராடுகிறோம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் வந்த தண்ணீரைத் தோட்டத்துக்குத் தோட்டம் முறை வைப்பதை விட்டுவிட்டோம். ஆளுக்கொரு போர்வெல் போட்டதும் பக்கத்துத் தோட்டக்காரரிடம் நேரம் கேட்க வேண்டிய தேவையே போய்விட்டது. என் தோட்டத்திலும் இரண்டு போட்டோம், இரண்டாவதில் புகைதான் வந்தது. ஓமானிலும் ஆழ்துளைக் கிணறுகளால் ஃபலஜ்களுக்கு ஆபத்து வந்திருக்கிறது.

அடுத்த லீவில் வண்டியைக் கோட்டைக்கு வெளியே விட்டுவிட்டு, விடியற்காலையில் வாய்க்கால் ஓரமாகவே மேலே நடங்கள். யாராவது மடை திருப்பினால் கொஞ்சம் நின்று பாருங்கள். கல்லில் இப்போதும் துணிதான் சுற்றுகிறார்களா என்று எனக்கு எழுதுங்கள்.